நூற்றுக்கு நான்கு: ஹட்டனில் டின்ட் கழற்றி, டின்ட் ஒட்டிய கதை

ஹட்டன் நகரில் குஷன் வேலை செய்யும் சிறிய பட்டறையொன்றில், என் சுசுகி வேகன் ஆர் காரின் பின்கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ளங்கையளவுக் கருவியொன்றின் இரண்டு பாதிகளை ஒட்டவைத்து அளந்தபோது, அதன் சின்னத் திரையில் தெரிந்த எண் 4. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை நூறு பங்காக எடுத்துக்கொண்டால், அதில் நான்கு பங்குதான் அந்தக் கண்ணாடியைத் தாண்டி என் கண்ணுக்கு வந்து சேர்கிறது என்பது அதன் பொருள். முன் கதவுகளில் ஏற்றியிறக்கும் கண்ணாடிகளான ஷட்டர்களில் 16 என்று வந்தது. அந்தக் கண்ணாடிகளோடுதான் நான் எட்டு மாதங்களாக, மூடுபனியென்றும் இரவு மழையென்றும் பாராமல், ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே ஓடித் திரிந்திருக்கிறேன் என்பதை அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

கண்ணாடிகளில் ஒட்டியிருந்த பழைய டின்ட் படலத்தைக் கழற்றி, முன் ஷட்டர்கள் இரண்டுக்கும் அளவுக்கு உட்பட்ட புதிய படலம் ஒட்டித் தந்த அந்தப் பட்டறையின் வேலையைப் பற்றியது இந்த மதிப்புரை. பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'குஷன் கடை' என்று கேட்டால் ஓட்டோ ஓட்டும் பிள்ளைகள் வழி காட்டுவார்கள். டின்ட் வேலையும் அங்கே நடக்கிறது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

முதலில் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரைக் கொழும்புப் பக்கத்தில் ஒருவரிடம் வாங்கினேன். கதவுகள், பின்கண்ணாடி, பின்பக்கச் சிறு கண்ணாடிகள் என்று ஒன்றையும் விடாமல் கறுப்புப் படலம் ஒட்டியிருந்தார்கள். பகல் வெயிலில், தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது அழகாகவும் குளிர்ச்சியாகவும்தான் இருந்தது. மலைக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே அதன் இலட்சணம் தெரிந்தது. கொட்டகலையைத் தாண்டித் தலவாக்கலைக்குப் போகும் வழியில், இரவு எட்டு மணியளவில், மழையோடு மூடுபனியும் இறங்கியிருந்த நேரத்தில், குறுகிய வளைவொன்றில் எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் விடுவதற்காகக் காரைப் பின்னுக்கு எடுக்க வேண்டியதாயிற்று. பின்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. கதவுக்கு வெளியே பின்பக்கத்தைக் காட்டும் பக்க ஆடியைப் பார்ப்பதற்கும் ஷட்டரை இறக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த ஆடியையும் நாம் ஷட்டர் ஊடாகத்தானே பார்க்கிறோம். கடைசியில் என் மனைவி குடையோடு இறங்கி, கையிலிருந்த போன் வெளிச்சத்தைக் காட்டி, "வாங்க, வாங்க, போதும், நில்லுங்க" என்று குரல் கொடுக்க, தலையை வெளியே நீட்டி நனைந்தபடியே காரைப் பின்னுக்கு எடுத்தேன். பஸ் சாரதி பொறுமையாக நின்றார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் வீதிச் சோதனையொன்றில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் டோர்ச் வெளிச்சத்தை ஷட்டரில் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, இதைக் கழற்றிவிடுங்கள் என்று சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். காரை விற்றவரிடம் தொலைபேசி எண் வாங்கி, அதற்கு டின்ட் ஒட்டிய கடையோடு பேசினேன். "இருபதுதான் போட்டிருக்கு சேர், எல்லாருக்கும் இதுதான் போடுறோம்" என்றார்கள். இருபது என்ற அந்த எண்ணைக் கேட்டு, இருபது சதவீத இருட்டுத்தானே, எண்பது சதவீதம் தெரியும்தானே என்று நான் ஆறுதலடைந்தேன். எத்தனையோ பேர் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. டின்ட் படலத்தின் எண், அது தடுக்கும் வெளிச்சத்தின் எண் அல்ல. அது உள்ளே விடும் வெளிச்சத்தின் எண். எண் குறையக் குறைய இருட்டு கூடும். இருபது என்றால் எண்பது பங்கை அது விழுங்கிவிடுகிறது.

குஷன் கடைக்காரர் கட்டாரில் சில வருடங்கள் இந்த வேலையைச் செய்துவிட்டுத் திரும்பியவர். பேச்சில் சிக்கனக்காரர். நான் காரை நிறுத்தியதும் எந்தப் படலம் வேண்டும், என்ன விலை என்ற பேச்சுக்குப் போகாமல், கருவியை எடுத்து வெறுங்காற்றில் வைத்து 100 என்று காட்டுகிறதா எனச் சரிபார்த்தபின், கண்ணாடி கண்ணாடியாக அளக்கத் தொடங்கினார். மலைநாட்டிலும் கொழும்பிலுமாக நான் கேட்டு விசாரித்த நான்கு கடைகளில் வேறெங்கும் அளக்கும் கருவியைக் கண்டதில்லை. இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அந்தக் கருவியும், அது காட்டும் எண்ணை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லும் அவருடைய பழக்கமுமே.

விளக்கம் இதுதான். கார்க் கண்ணாடி புதிதாக இருக்கும்போதே வெளிச்சத்தை முழுவதுமாக உள்ளே விடுவதில்லை. அதன் இலேசான பச்சை நிறமும் தடிப்பும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கின்றன. படலத்தைக் கழற்றித் துடைத்தபின் என் காரின் வலது முன் ஷட்டர் 79, இடது ஷட்டர் 78, முன்கண்ணாடி 76 என்று காட்டின. அதன்மேல் படலம் ஒட்டும்போது இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். 79 சதவீதக் கண்ணாடியில் 20 எண் படலத்தை ஒட்டினால் வருவது ஏறக்குறைய 16. பின்கண்ணாடியோ ஜப்பானிலேயே கண்ணாடியோடு கண்ணாடியாக நிறமேற்றி வந்த கறுப்புக் கண்ணாடி. படலமில்லாமல் அதன் அளவு 22. அதன்மேல் 20 எண் படலத்தை ஒட்டியதால் 4 என்றாகிவிட்டது. கறுப்புக்கு மேல் கறுப்பு பூசிய அந்த வேலைக்கு முன்னைய உரிமையாளர் காசும் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பெருக்கல் தெரிந்தால்தான் சட்டம் சொல்லும் அளவின் அர்த்தம் விளங்கும். ஜப்பானில் முன்கண்ணாடிக்கும், சாரதியின் ஆசனத்துக்கு இருபுறமுமுள்ள முன் ஷட்டர்களுக்கும் குறைந்தபட்ச ஒளி அளவு 70. பின்னால் இருக்கும் கண்ணாடிகளுக்கு அங்கே அப்படிக் கட்டுப்பாடு இல்லை. பின் கதவுகள் கறுப்பாகவே தொழிற்சாலையிலிருந்து வருவதற்கு அதுதான் காரணம். நம் வீதிகளில் ஓடும் ஜப்பானிய வாகனங்களில் முன் கண்ணாடிகள் தெளிவாகவும் பின் கண்ணாடிகள் கறுப்பாகவும் இருப்பதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்த எனக்கு, அது ஒரு சட்டத்தின் கோடு என்பது இங்கேதான் புரிந்தது. கதவுக் கண்ணாடி 79இல் நிற்கும்போது சட்டம் 70ஐக் கேட்டால், நடுவில் மிஞ்சுவது ஒன்பதே ஒன்பது. '70 எண் படலம், அதனால் 70 வரும்' என்று கடைகளில் சொல்வது வெறும் கணக்குப் பிழை. 79 மேல் 70ஐ ஒட்டினால் வருவது 55. ஜப்பானின் வாகனப் பரிசோதனையில் அந்தக் கார் தேறாது.

வேறு நாடுகளிலுள்ள நம்மவர்களும் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பிரித்தானியாவில் 1985 ஏப்ரல் 1ஆம் திகதியோ அதற்குப் பின்னரோ பாவனைக்கு வந்த கார்களுக்கு முன்கண்ணாடி 75, முன் கதவுகள் 70 என்று விதி. மலேசியாவில் 2019 மே மாதத்திலிருந்து முன்கண்ணாடிக்கு 70, முன் கதவுகளுக்கு 50. அதற்குப் பின்னால் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் தடையில்லை. இந்தியாவின் கதை கொஞ்சம் நீளமானது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, முன், பின் கண்ணாடிகளுக்கு 70 என்றும் பக்கக் கண்ணாடிகளுக்கு 50 என்றும் வகுத்திருந்தது. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், அந்த அளவு தொழிற்சாலையில் செய்யப்படும் கண்ணாடிக்கே உரியது, வாங்கிய பின் மேலே எந்தப் படலமும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோடு தமிழ்நாட்டுக்குப் போய் நீலகிரியில் குடியேறிய என் பெரியப்பாவின் மகன், 2012இல் வீதியோரத்தில் நின்று தானே தன் கார்ப் படலத்தை நகத்தால் கிழித்து எடுத்த கதையை இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார். பின்னர் விதி திருத்தப்பட்டது; 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70 - 50 அளவைக் காக்கும் படலத்தை ஒட்டுவது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. பன்னிரண்டு வருடங்கள் கழித்து அண்ணனுக்கு நியாயம் கிடைத்தது, ஆனால் அதற்குள் அவர் காரையே விற்றுவிட்டார்.

நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வெளியிடப்படும் ஒழுங்குவிதிகளே இவ்விடயத்தை ஆளுகின்றன. ஒழுங்குவிதிகள் வர்த்தமானி மூலம் மாறக்கூடியவை என்பதால், டின்ட் ஒட்டப்போகிறவர்கள் கடைக்காரரின் வாய்வார்த்தையையோ முகநூல் பதிவுகளையோ நம்பாமல், அன்றைய நாளில் நடைமுறையிலுள்ள அளவை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலேயே கேட்டு, முடிந்தால் அந்த வர்த்தமானியின் பிரதியொன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. வீதியில் நிறுத்தப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் காரை ஓட்டுகிறவர். ஒட்டிய கடைக்காரர் அங்கே வந்து நிற்கப் போவதில்லை. நான் எடுத்த முடிவு எளிது. கார் எந்த நாட்டுச் சட்டத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்த நாட்டின் 70ஐக் கீழ் எல்லையாக வைத்துக்கொண்டேன். மேலே சொன்ன நாடுகளில் கதவுக் கண்ணாடிக்கு அதைவிடக் கடுமையான அளவு எங்கும் இல்லை.

இனி வேலையைப் பற்றி. பழைய படலத்தைக் கழற்றுவதற்கே முதல் நாள் போய்விட்டது. பிளேட்டால் சுரண்டினால் அரை மணித்தியாலத்தில் முடியும், ஆனால் பின்கண்ணாடியிலிருக்கும் பனி நீக்கும் மெல்லிய செம்பழுப்புக் கம்பிக் கோடுகள் பிளேட்டோடு வந்துவிடும். அவர் நீராவிக் குழாயொன்றை மூலையில் பிடித்து, படலம் இளகியதும் நகத்தால் ஒரு நுனியை மட்டும் தூக்கி, அந்தக் கோடுகளின் போக்கிலேயே, பச்சைக் காயத்தின் கட்டைப் பிரிப்பதுபோல அங்குலம் அங்குலமாக இழுத்தார். படலம் வந்தது, பசை வரவில்லை. தேன் நிறத்தில் கண்ணாடியில் தங்கிவிட்ட அந்தப் பசையைச் சவர்க்கார நீர் அடித்து, பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, மறுபடி நீராவி பிடித்து எடுக்க மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. கழற்றிய படலத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: ஓரங்கள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தன. சாயம் தோய்த்த மலிவுப் படலங்கள் வெயிலில் இப்படித்தான் நிறம் மாறும் என்றார். இடது பின் கதவுக் கண்ணாடியில் மயிரிழை போன்ற இரண்டு கீறல்கள் இருந்தன. படலத்தைக் கண்ணாடியின் மேலேயே வைத்து வெட்டியிருக்கிறார்கள், அது முன்னைய கடையின் கைவேலை. அந்தக் கீறல்கள் இனிப் போகாது.

அடுத்த நாள் காலை, காரை எடுத்துப் பின்கண்ணாடியின் சூடாக்கியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஆடி மாதத்துக் குளிரில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. ஒரு நிமிடம் பொறுத்ததும் முதலில் நடுக்கோடு, பிறகு அதற்கு மேலும் கீழும் என்று ஒவ்வொரு கோட்டின் வழியிலும் ஆவி விலகி, கண்ணாடி வரிவரியாகத் தெளிந்தது. ஒரு கோடும் அறுந்திருக்கவில்லை. அந்தக் கண்ணாடியின் ஊடாக, எதிர்ப்பக்கச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைச்சாக்குகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்ததைப் பார்த்தபோது, எட்டு மாதமாக இந்தக் காரின் பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

பின்பக்கத்துக்கு மறுபடியும் ஏதாவது இலேசாக ஒட்டலாமா என்று நான் கேட்டதற்கு, "அதுக்குக் கம்பனியே நிறம் போட்டு அனுப்பியிருக்கு சேர், அதுல நாம கை வைக்க என்ன இருக்கு" என்று மறுத்துவிட்டார். முன்கண்ணாடிக்கும் அதே பதில். 76 மேல் 90 எண்ணுள்ள தெளிவான படலத்தை ஒட்டினாலும் 70க்குக் கீழே இறங்கிவிடும் என்று பெருக்கிக் காட்டினார். வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் கடைக்காரரை இந்தக் காலத்தில் காண்பது அரிது.

முன் ஷட்டர்களுக்கு மட்டும், சூட்டைத் தடுக்கும் நுண்துகள் கலந்த செராமிக் வகைப் படலத்தில் 90 எண்ணைத் தேர்ந்தோம். கிட்டத்தட்டக் கண்ணாடி போலவே தெளிவாக இருக்கும் படலத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக அவர் ஒரு சூட்டு விளக்கை வைத்திருக்கிறார். விளக்குக்கு முன்னால் 20 எண் சாயப் படலம் ஒட்டிய கண்ணாடித் துண்டையும், 90 எண் செராமிக் ஒட்டிய துண்டையும் மாறி மாறிப் பிடித்து, பின்னால் நம் உள்ளங்கையை வைக்கச் சொல்கிறார். கறுப்புத் துண்டுக்குப் பின்னால் பத்து விநாடியில் கை சுட்டது. தெளிவான துண்டுக்குப் பின்னால் இளஞ்சூடுதான். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் வருகிறது. கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் பங்கை மட்டும் குறைக்கும் சமாச்சாரம், சூட்டைக் குறைக்கும் பொருள் வேறு.

இந்த இடத்தில் எனக்கொரு சிறு மனக்குறை உண்டு. அந்த விளக்கு அகச்சிவப்பை அள்ளிக் கொட்டும் விளக்கு. அதில் செராமிக் ஜொலிப்பது இயல்பு. வெயிலில் அந்தளவு வித்தியாசம் கைக்குத் தெரியாது. படலத்தின் பெட்டியில் அகச்சிவப்பு 90 சதவீதம் தடுக்கும் என்று போட்டிருப்பதும் குறிப்பிட்ட ஓர் அலைநீளப் பகுதிக்கு மட்டும் எடுத்த கணக்காகவே பெரும்பாலும் இருக்கும். நாம் கேட்க வேண்டியது மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்ற எண். நான் கேட்டபோது அவர் ஒளிக்காமல் பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார்; ஆனால் கேட்காத வாடிக்கையாளர்கள் விளக்கை நம்பித்தான் காசு கொடுப்பார்கள்.

மலையில் சூட்டுக்காக டின்ட் போட வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏசியே வேண்டாம் என்று இருக்கிறோம். எனக்கு வேண்டியிருந்தது புற ஊதாக் கதிரிலிருந்து பாதுகாப்பு. உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து அந்தக் கதிர் உறைப்பாக விழுகிறது. தை, மாசி மாதங்களில் தெளிந்த வானத்தோடு ஓட்டும்போது வலது முழங்கை எரிவதை இங்குள்ள சாரதிகள் அறிவார்கள். முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் தாளோடு இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது என்பதால் அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. கதவுக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி. அதன் வழியே கணிசமான பங்கு உள்ளே வரும். தெளிவான படலமே அதைத் தடுக்கப் போதுமானது, கறுப்பு வேண்டியதில்லை. உலோகம் பூசிய படலமும் அவரிடம் இருந்தது; அது போன், வானொலி அலைகளை மறிக்கக்கூடும் என்று அவரே சொன்னதால் விட்டுவிட்டேன். கினிகத்தேனை வளைவுகளில் போனுக்கு இருக்கிற கொஞ்ச உயிரையும் நாமே எதற்கு எடுக்க வேண்டும்?

ஒட்டும் வேலை கண்ணுக்கு விருந்து. ஷட்டரின் வெளிப்புறத்தில் படலத்தை விரித்து, சூட்டுக் காற்றால் சுருக்கிக் கண்ணாடியின் வளைவுக்கு இணங்க வைத்து, ஓரம் வெட்டி, பின்னர் உள்ளே கொண்டுபோனார். கதவின் பொத்தான்களுக்குத் தண்ணீர் இறங்காமல் துவாய் விரித்தார். குழந்தைகளுக்குப் பாவிக்கும் ஷாம்பு கலந்த நீரைத் தெளித்து, படலத்தை மிதக்கவிட்டு இடம் பார்த்து, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளினார். இறுதியில் கருவியை வைத்தார்: வலது 71, இடது 70. "எல்லையிலேயே நிக்குது, இதுக்கு மேல ஒரு நூல்கூட ஏத்த ஏலாது" என்றார்.

நான் காத்திருந்த நேரத்தில் சுற்றுலா வேன் ஓட்டும் இளைஞர் ஒருவர் வந்தார். "அண்ணே, நாலு பக்கமும் நல்ல கறுப்பாப் போட்டுத் தாங்க, வெள்ளைக்காரனுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்" என்றார். "பின்னுக்கு வேணும்னா செய்வோம் தம்பி, அதுவும் அளவைப் பார்த்துட்டுத்தான். முன் ரெண்டு ஷட்டருக்கும் நான் போட மாட்டேன்" என்று பதில் வந்தது. இளைஞர் முணுமுணுத்தபடி போய்விட்டார். தேயிலை மலையையும் அருவியையும் பார்ப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறவர்களைக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்து டெவன் நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கொண்டுபோகும் தர்மம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

குறைகளையும் எழுத வேண்டும். ஒரு நாளில் தருவதாகச் சொன்ன வேலை இரண்டு நாளானது. முதல் நாள் மாலை நான் பஸ்ஸில் வீடு திரும்பினேன். பட்டறை வீதியை நோக்கித் திறந்தே இருப்பதால், வலது ஷட்டரின் கீழ்ப்பகுதியில் படலத்துக்கு அடியில் கடுகளவு தூசியொன்று சிக்கிவிட்டது. ஐந்து நாள் ஷட்டரை இறக்க வேண்டாம் என்றார். அடைமழைக் காலத்தில் அது போதவில்லை. இடது ஷட்டரின் மூலையில் பால் கலங்கியதுபோல நின்ற நீர்த்திட்டு வற்ற மூன்று வாரம் பிடித்தது. வெயிலுள்ள ஊரில் இது சில நாட்களில் காய்ந்திருக்கும். மலைநாட்டில் இந்த வேலையை மாசி, பங்குனியில் செய்வதே புத்தி. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப்பட்ட குறை, அளந்த எண்களை அவர் தாமாக எழுதித் தருவதில்லை என்பது. நான் கேட்ட பிறகுதான் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் முன், பின் அளவுகளையும் திகதியையும் எழுதிக் கையொப்பமிட்டார். அவருடைய கருவி உத்தியோகபூர்வமாகச் சான்றுபெற்றது அல்ல என்பதால் அந்தச் சீட்டு வழக்கில் சாட்சியாகாது. ஆனாலும் வீதியில் பேச்சை மரியாதையாகத் தொடங்க அது உதவும்.

கழற்றுவதற்கு 7,500 ரூபாவும், முன் ஷட்டர்கள் இரண்டுக்கும் 16,000 ரூபாவும் எடுத்தார். சாயப் படலத்தோடு ஒப்பிட்டால் இது கூடுதல்தான். கழற்றும் வேலைக்குக் கொடுத்த பணத்தை மட்டும் எந்தக் கேள்வியுமில்லாமல் இன்னொரு முறையும் கொடுப்பேன். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களைப் படலத்தில் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வெறும் நீரும் மெல்லிய துணியும் போதுமாயிருக்கின்றன.

போன வாரம் இரவு வேளையில் கம்பளையிலிருந்து திரும்பும்போது இறம்பொடைச் சுரங்கப்பாதையைக் கடந்தோம். முன்பெல்லாம் அதற்குள் நுழைந்ததும் பக்க ஆடிகள் இரண்டும் கரும்பலகையாகிவிடும்; நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே மட்டும் பார்த்து ஓட்டுவேன். இம்முறை பின்னால் ஒரு லொறி வந்ததும், அதன் விளக்கு வெளிச்சத்தில் சுவரோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நடந்ததும் தெளிவாகத் தெரிந்தன. அந்தத் தூசியிருக்கும் வலது ஷட்டரை, மழை விட்டதும் கொண்டுவந்தால் காசில்லாமல் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மழை இன்னும் விடவில்லை.